வெயில் தாங்கும் அம்மைப்பால்

1961-ஆம் வருஷத்தில் சேலம் ஜில்லா சுகாதார இலாகாவில் மருந்தைவிட ஐஸுக்குத்தான் மரியாதை அதிகம்.

அம்மை குத்துவதற்கான மருந்தை அம்மைப்பால் என்பார்கள். கண்ணாடிக் குப்பியில் அடைத்த அந்தக் குழம்பு நம் ஊர் வெயிலில் நாலு நாள் கிடந்தால் செத்துப்போகும். செத்த மருந்தைக் குத்திக்கொண்டால் கை வலிக்கும், அவ்வளவுதான். அம்மை வருகிறபோது வந்தே தீரும். ஆகவே அதை ஐஸில் வைத்துக் கொண்டுபோங்கள் என்று சர்க்கார் ஒரு ஜீப்பைக் கொடுத்தது. ஜீப்புக்கு டிரைவர் வேண்டும். டிரைவரை அதட்ட ஓர் அதிகாரி வேண்டும். அதிகாரி எழுதுவதை நகலெடுக்க ஒரு குமாஸ்தா வேண்டும். இப்படித்தான் குளிர்காப்புப் பிரிவு பிறந்தது. அருணகிரி என்பவர் அதற்குத் தலைவரானார்.

காலையில் ஐஸ் பாளங்களை ஏற்றி, மரத்தூள் தூவி, கோணிச்சாக்குப் போர்த்திக்கொண்டு ஜீப் மேட்டூர் ரோட்டில் கிளம்பும். வழியில் ஒரு பயணியர் விடுதியில் பெரிய அதிகாரி யாராவது சர்பத்துக்குக் காத்திருப்பார். அடுத்த ஊரில் ஒரு பெரிய மனிதர் வீட்டுக் கல்யாணம் இருக்கும். மேச்சேரி வந்து சேரும்போது சாக்கு மட்டும் ஈரமாக இருக்கும். அம்மைப்பால் வெதுவெதுவென்று இறங்கும். அருணகிரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி, "குளிர்ச்சியாக ஒப்படைக்கப்பட்டது" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்புவார்.

இந்த ஜீப்பைத்தான் டாக்டர் அற்புதராஜ் ஒழித்துக்கட்டப் பார்த்தார். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. வெயிலில் சாகாத அம்மைப்பாலைச் செய்ய வேண்டும் என்பது மட்டுமே அவர் எண்ணம். ஜீப்பின் கதி என்னவாகும் என்று யோசிக்கும் அளவுக்கு அவருக்கு உலகஞானம் போதாது.

அவர் சேலம் டவுன் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. சென்னையில் டாக்டருக்குப் படித்து, லண்டனில் நாலு வருஷம் ஆராய்ச்சி செய்துவிட்டு, 1950-இல் ஊர் திரும்பினார். மாதா கோயில் தெருவில் பெயர்ப்பலகை மாட்டி ஊசி போடுவார் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். அவர் ஊருக்கு வெளியே இருந்த அம்மைப்பால் நிலையத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அங்கே அம்மைப்பால் எடுப்பது மேச்சேரி ஆடுகளிலிருந்து. செம்பழுப்பு நிற ஆட்டைக் கட்டிப் படுக்கவைத்து, வயிற்று மயிரை மழித்து, தோலில் கீறி, அங்கே கிளம்புகிற கொப்புளத்தைச் சுரண்டி எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால், "என்ன டாக்டர், இந்த வாரம் எத்தனை வயிற்றுக்குச் சவரம்?" என்று விசாரிப்பார்கள். மாமனார் சவரிராயன் எல்லோரிடமும் பெருமையாக, "மாப்பிள்ளை லண்டன் டாக்டர்" என்பார். ஆஸ்பத்திரி எங்கே என்று யாராவது கேட்டுவிட்டால், இந்த வருஷம் மழை எப்படி என்று பேச ஆரம்பிப்பார்.

அற்புதராஜுக்கு உள்ளுக்குள் சுருக்கென்று குத்தத்தான் செய்யும். ஆனாலும் பதினொரு வருஷமாக விடவில்லை. ஆட்டில் எடுத்ததை உறையவைத்து, குழாயில் உள்ள காற்றையெல்லாம் உறிஞ்சி, ஈரம் ஒரு பொட்டுக்கூட இல்லாமல் பொடியாக்கினால் அது வெயிலைத் தாங்கும். சீமையில் செய்து காட்டிவிட்டார்கள். இங்கேதான் இயந்திரம் இல்லை. கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்த பம்பு இரண்டாம் மாசமே மூச்சை விட்டது. நாமக்கல்லில் லாரி பட்டறை வைத்திருந்த குழந்தைவேல் என்பவர், பட்டாளத்து லாரி ஒன்றைப் பிரித்த சாமான்களை வைத்து அதற்கு உயிர் கொடுத்தார். "டாக்டருங்க, நானு காத்தடிக்கிற பம்பைத்தான் பாத்திருக்கறனுங்க. இது காத்தைத் திங்கிற பம்பா இருக்குதுங்களே!" என்று அவர் வாயைப் பிளந்தார். அந்தப் பம்பு ஆறு வருஷம் காற்றைத் தின்றபிறகு, ஒருநாள் குப்பியின் அடியில் வெள்ளையாக ஒரு சிட்டிகைப் பொடி நின்றது. அன்றைக்கு அற்புதராஜ் ஆய்வகத்திலேயே அழுதுவிட்டார். ஆடுகளைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

சென்னையில் நிபுணர் குழு என்று ஒன்பது பேர் இருந்தார்கள். பொடியை மேச்சேரி வெயிலில் பதினைந்து நாள் வைத்துப் பார்க்கலாம் என்று அனுமதி கொடுக்க அவர்களுக்கு ஒரு வருஷம் பிடித்தது. அற்புதராஜ் போட்ட திட்டம் எளிமையானது. மேச்சேரி துணைச் சுகாதார நிலையத்து வாசல் அலமாரியில் பழைய குழம்பும் புதிய பொடியும் ஒன்றாக இருக்கும். சித்திரை வெயில் இரண்டையும் வாட்டும். பதினாறாம் நாள் ஐம்பது குழந்தைகளுக்கு இடது கையில் பழையது, வலது கையில் புதியது. வலது கையில் மட்டும் கொப்புளம் கிளம்பும், பொடி ஜெயிக்கும்.

குத்திய எட்டாம் நாள் குழந்தைகளைப் பார்க்கப் போனார். ஐம்பது குழந்தைகளுக்கும் இரண்டு கையும் வீங்கியிருந்தது. கொப்புளம் இந்தக் கையில் ஒன்று, அந்தக் கையில் ஒன்று. "ஒத்தைக் கையி போதாதுன்னு ரெண்டு கையிலயும் குத்திப்போட்டு, புள்ளைய எங்கீங்க புடிச்சுத் தூக்கறது?" என்று தாய்மார்கள் பிடித்துக்கொண்டார்கள்.

நிபுணர் குழு எட்டு மாசம் யோசித்துப் பதில் எழுதியது. பழைய அம்மைப்பாலே வெயிலைத் தாங்குகிறது என்று நிரூபணமாகிவிட்டதால் புதியது தேவையில்லை. அடுத்த பத்தியில், பழையதற்கு ஐஸ் இன்றியமையாததால் ஜீப் தொடரலாம். இரண்டு பத்தியையும் ஒரே ஆள்தான் எழுதினாரா என்று அற்புதராஜ் தலையைப் பிடித்துக்கொண்டார். அருணகிரி தம் பிரிவு ஆட்களுக்கு ஐஸ் போட்ட சர்பத் வழங்கினார். அற்புதராஜுக்கும் ஒரு டம்ளர் வந்தது.

"என்னங்க, எல்லாத்தையும் கொள்ளைநோய்க்குக் காவலான செபஸ்தியாரிடம் விட்டுடுங்க" என்றாள் மனைவி ரோசி.

"செபஸ்தியார் குழுவில் இல்லை, ரோசி" என்றார் அவர்.

மறுநாளே மேச்சேரிக்கு பஸ் ஏறினார். நாலு நாளில் சாக வேண்டியது பதினைந்து நாள் பிழைத்த மர்மம் அவரைத் தூங்கவிடவில்லை. அம்மைக்குத்துக்காரர் ராசப்பன் வெப்பமானிப் பதிவேட்டை நீட்டினார். பதினைந்து நாளும் நூற்று நாலு டிகிரி. பதினைந்து நாளும் ஒரே மை, ஒரே சாய்வு, ஒரே உட்காரலில் எழுதியது.

"நெசமாலுமே அலமாரியிலதான் இருந்துச்சுங்க" என்றார் ராசப்பன். "அதைத் தொடைக்கிறது, எடுத்து வெக்கிறதெல்லாம் சின்னாயிங்க."

சின்னாயி அந்த நிலையத்தைக் கூட்டிப் பெருக்கித் தண்ணீர் சுமக்கிறவள். ஐம்பது வயதிருக்கும். முகம் முழுக்க அம்மைத் தழும்பு. ஒரே வாரத்தில் இரண்டு பிள்ளைகளை அம்மைக்குக் கொடுத்தவள் என்று ராசப்பன் முன்பே சொல்லியிருந்தார். மிஞ்சியது ஆராயி என்று ஒரே மகள். மேட்டூர் ஏரிக்கு அந்தப் பக்கம் புளியங்காட்டுப்பட்டியில் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தாள்.

"ஏம்மா சின்னாயி, மருந்து எங்கே இருந்தது?"

அவள் மறைக்கவே இல்லை. தண்ணீர்ப் பானைக்கு அடியிலிருந்த ஈர மணலைக் காட்டினாள். குப்பிகள் நின்ற இடத்தை விரலால் குழித்துக் காட்டினாள். மேலே காய்ந்த வேப்பிலை.

"நீங்க வெச்சுட்டுப் போன மக்யா நாளே எடுத்து இங்க வெச்சுப்போட்டனுங்க சாமி. தெனமும் ரெண்டு வேளை தண்ணி தெளிச்சனுங்க."

"வெயிலில்தானே வைக்கச் சொன்னேன்!"

"நீங்க சொன்னீங்க. அம்மையே சூடுங்களே. அது வந்த ஊட்டுல அடுப்புத் தாளிப்புகூட ஆகாது. வேப்பெலையும் மோருமா குளுகுளுன்னு வெச்சிருப்போம். ஆத்தாளைக் கொண்டாந்து கண்ணாடிக்குள்ள அடைச்சதே தப்பு. அதையுங் கொண்டு போயி வெயில்ல வெக்கலாமுங்களா? ஊரு தாங்குமுங்களா?"

கோபம் மூக்குமுட்ட வந்தது அவருக்கு. பதினொரு வருஷத்தை இரண்டு வேளை தண்ணீர் தெளித்தே கரைத்துவிட்டாள். ஆனால் இன்னொன்றும் உறைத்தது. ஒரு ஜீப்பும் ஓர் அதிகாரியும் சேர்ந்து செய்ய முடியாத குளிர்காப்பை இவள் ஒரு பானையை வைத்துச் செய்திருக்கிறாள்.

"இன்னொரு தடவை வைக்கப்போகிறேன். எடுத்துவிடக் கூடாது" என்றார்.

"மாட்டனுங்க சாமி. நானெடுக்காட்டி வேற ஆராச்சும் எடுத்துருவாங்க. ஊருல எல்லாத்துக்கும் அந்தப் பயம் இருக்குது. நீங்க வேணுமின்னா ஆத்தாளையே கேட்டுப்போடுங்க."

"எப்படிக் கேட்பது?"

"பூக் கேக்கறதுதானுங்க."

லண்டனில் படித்தவர், வெள்ளிக்கிழமைதோறும் மாமிசம் விலக்கும் கத்தோலிக்கர், பொழுது சாய மாரியம்மன் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். மாமனார் பார்த்தால் மழையைப் பற்றிக்கூடப் பேச மாட்டார் என்று தோன்றியது. பூசாரி வெள்ளை அரளி ஒன்றும் சிவப்பு அரளி ஒன்றும் தனித்தனியே இலையில் மடித்து ஆத்தாளின் காலடியில் போட்டார். எண்ணியதை மனசில் கேட்டுக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் கூடாது. சின்னாயி குனிந்தாள். பரீட்சை முடிவுக்குக்கூட அற்புதராஜின் நெஞ்சு இப்படி அடித்துக்கொண்டதில்லை.

சிவப்பு வந்தது.

"ஒரு தடவை போதாது, இன்னும் நாலைந்து தடவை எடுத்துப் பார்க்க வேண்டும்" என்று அவர் ஆராய்ச்சிக்காரராகவே ஆரம்பித்தார்.

சின்னாயி தடுத்துவிட்டாள். "சும்மாச் சும்மாக் கேட்டா கோவிச்சுக்குவா. நாமதான் தப்பாக் கேட்டுப்போட்டமுங்க. என்ன கேட்டீங்க?"

"பழையது, புதியது, இரண்டையும் வெயிலில் வைக்கலாமா என்று."

"பழசு தாங்காதுன்னு நீங்கதான சொல்றீங்க? தாங்காதவளை எதுக்குங்க வெயில்ல நிறுத்தோணும்? அது எம்பட மணல்லயே குளுகுளுன்னு இருக்கட்டும். தாங்கறவளை மட்டும் கேளுங்க."

அப்படியானால் ஒப்பிட முடியாதே என்று சொல்ல வாயெடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். முடியும். குளிர்ச்சியில் நல்லபடி காத்த பழைய மருந்துக்கு, வெயிலில் காய்ந்த புதிய மருந்து சமமாக நின்றால், அதைவிட வேறென்ன நிரூபணம் வேண்டும்? செத்த எதிரியை ஜெயிப்பதில் என்ன பெருமை இருக்கிறது? செத்த மருந்தென்று தெரிந்தே ஒரு குழந்தையின் கையைக் கீறவும் வேண்டாம். அவர் திட்டத்தைவிட இது நேர்த்தியான திட்டம். ஒன்பது நிபுணர்களுக்கு ஒரு வருஷத்தில் தோன்றாதது ஒரு சிவப்பு அரளியில் தோன்றிவிட்டது. அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

மறுபடி கேட்டார்கள். வெள்ளை வந்தது. சட்டைப்பைக்குள் கையை விட்டு யாருக்கும் தெரியாமல் ஒரு சிலுவை போட்டுக்கொண்டார் அற்புதராஜ்.

இந்தமுறை அவர் குழுவிடம் அனுமதி கேட்கவில்லை. 1962 சித்திரையில் பழையது பானைக்கடியில் இருந்தது. புதியது கூரை ஓட்டின்மேல் ஒரு மாசம் முழுக்கக் காய்ந்தது. உத்தரவு கிடைத்த விஷயம் ஊருக்கே தெரிந்திருந்ததால் ஒருவர்கூட அதைத் தொடவில்லை. பிறகு ஐம்பது குழந்தைகளுக்குக் குத்தினார்கள். பழையதில் நாற்பத்தெட்டுக் கொப்புளம். வெயிலில் காய்ந்ததிலும் நாற்பத்தெட்டு.

குழு இந்த முடிவை ஏற்றுக்கொண்டது. பத்து மாசம் கழித்து, 1963 மாசியில் உத்தரவு வந்தது. அருணகிரியே அதைக் கையில் எடுத்துக்கொண்டு சிரித்த முகமாக வந்தார். உலர் அம்மைப்பால் இனி ஜில்லா முழுக்க வழங்கப்படும். அது அரிதாகத் தயாரிக்கப்படும் உயர்ந்த பொருள். ஆகவே, விதி ஏழின்படி, அதை எப்போதும் ஐஸிலேயே வைத்திருக்க வேண்டும், குளிர்காப்புப் பிரிவு ஜீப்பில் மட்டுமே கொண்டுசெல்ல வேண்டும்.

"ஐஸ் தேவையில்லை என்பதுதானே கண்டுபிடிப்பே!" என்றார் அற்புதராஜ்.

"தேவையில்லைதான். அதுக்காக மரியாதை இல்லாம விட்டுட முடியுமா, டாக்டர்?" என்றார் அருணகிரி.

பங்குனியில் ஒருநாள் முன்பகலில் சின்னாயி சேலத்துக்கே வந்துவிட்டாள். மேச்சேரியில் முதல் பஸ்ஸைப் பிடித்து, ஸ்டாண்டிலிருந்து நிலையம் வரை ஓடி வந்திருந்தாள். மூச்சு வாங்கியது.

"சாமி, புளியங்காட்டுப்பட்டியில ஆத்தா எறங்கிட்டா. ஒரு ஆளு போயிட்டான். ஆராயி ஊட்டுக்கு அடுத்த ஊட்டுக்காரரும் விழுந்துட்டாரு. புள்ளைக்கு மூணு மாசந்தானுங்க. இன்னும் குத்தலீங்க. அம்மைக்குத்துக்காரரு மருந்தில்லைங்கறாரு."

"அடுத்த வீட்டுக்காரர் விழுந்து எத்தனை நாளாச்சு?"

"பாத்துட்டு வந்து சொன்னது நேத்து. கொப்புளம் கெளம்பி ரெண்டு நாளுன்னாங்க."

அம்மை தொற்றி மூன்று நாலு நாளுக்குள் குத்தியாக வேண்டும். இன்றைக்குள் குத்தினால் பிழைக்கலாம். நாளை என்றால் சந்தேகம். நாளை மறுநாள் என்றால் வேண்டிக்கொள்ளத்தான் முடியும். அற்புதராஜ் நேரே அருணகிரியிடம் போனார்.

"புளியங்காட்டுப்பட்டியா?" அருணகிரி படத்தை விரித்து விரலால் தேடினார். "ஜீப் மேட்டூரோட நிக்கும். அதுக்கப்புறம் தண்ணி. பரிசல்ல ஐஸ் பெட்டி ஏத்த விதி இல்லை. சென்னைக்கு எழுதிக் கேட்கட்டுமா?"

அற்புதராஜ் ஐஸ் பெட்டியைத் திறந்து, பத்துக் குப்பியையும் கரைக்கிற நீரையும் எடுத்துக் கால்சட்டைப் பைகளில் போட்டுக்கொண்டார். அவர் உத்தியோக வாழ்க்கையில் ஒரு விதியை மீறியது அதுதான் முதல் தடவை. வாசலில் நின்றிருந்த சின்னாயியிடம், "வாம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார்.

மேட்டூரில் இறங்கும்போது உச்சிப்பொழுது. மீன்காரர் ஒருவரின் பரிசலில் ஏரியைக் கடந்தார்கள். அக்கரையில் இரண்டு கல் தூரம் கரம்பு, நிழல் என்று ஒரு மரம் இல்லை. பைக்குள் குப்பிகள் தொடையைச் சுட்டன. சின்னாயி அடிக்கொரு தரம் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நடந்தாள்.

"ஏனுங்க சாமி, தாங்குவாளுங்களா?"

"நீதானே பூ எடுத்தாய்?"

"பூவு நாந்தான் எடுத்தேன். இப்ப எம்பட பேத்தியில்லீங்களா? அதான் பயமாயிருக்குது."

"எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது" என்றார் அவர். அது உண்மை. நாற்பத்தெட்டு என்ற எண் நிழலில் உட்கார்ந்து எழுதும்போது எவ்வளவு தைரியம் கொடுத்தது! இந்த வெயிலில் அதில் ஒரு குழந்தைகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

ஆராயி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு குடிசை வாசலில் உட்கார்ந்திருந்தாள். அற்புதராஜ் பொடியைக் கரைத்தார், ஊசியைத் துடைத்தார், பிறகு அப்படியே நின்றார். பதின்மூன்று வருஷத்தில் அவர் தம் கையால் ஒரு மனிதக் குழந்தைக்குக் குத்தியதில்லை. எல்லாம் ஆடுகள்தான்.

சின்னாயிக்கு அது எப்படியோ புரிந்தது. "ஆட்டுக்குக் குத்தறாப்பலயே குத்துங்க சாமி. மயிரு மழிக்கிற வேலையாச்சும் மிச்சம்" என்றாள். அவர் சிரித்துவிட்டார். கை நிலைத்தது. அன்றைக்கு அந்தப் பட்டியில் எழுபத்து மூன்று பேருக்குக் குத்தினார்.

எட்டாம் நாள் தாமே பரிசல் ஏறிப் போனார். எழுபத்து மூன்று கைகளையும் புரட்டிப் பார்த்தார். ஆராயியின் குழந்தைக்கு இடது கையில் முத்துப்போல ஒரே ஒரு கொப்புளம் கிளம்பி நின்றது. உடம்பில் வேறெங்கும் ஒன்றும் இல்லை. அந்தச் சின்னக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு அவர் அழுதார். இந்தமுறை ஊரே பார்த்தது.

திரும்பி வந்தபோது மேசையில் மெமோ காத்திருந்தது. விதி ஏழுக்கு மாறாக உயர்மதிப்புள்ள உலர் அம்மைப்பாலைச் சுமார் ஐந்து மணி நேரம் வெயிலில் கொண்டுசென்றது ஏன்? வெயிலில் வைக்க அனுமதி வழங்கியவர் யார்? பெயரும் தேதியும் குறிப்பிடவும். அற்புதராஜ் ஒரு வரி எழுதினார்: "அனுமதி வழங்கியவர், மேச்சேரி மாரியம்மன், வெள்ளைப் பூ, மாசி 1962, சாட்சி, சின்னாயி." அதன் கீழே லண்டன் பட்டம் உட்படத் தம் பட்டங்கள் அத்தனையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேலை போனால் மாதா கோயில் தெருவில் பெயர்ப்பலகை மாட்டலாம், மாமனாராவது சந்தோஷப்படுவார் என்று ரோசியிடம் சொன்னார்.

வேலை போகவில்லை. சென்னையில் அந்தக் கோப்பைப் பிரித்த குமாஸ்தா, அனுமதி வழங்கியவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. தேதி இருந்தது. சாட்சியும் இருந்தது. "உரிய அனுமதி பெறப்பட்டுள்ளது" என்று எழுதி மூடிவிட்டார். கோப்பில் ஏறிவிட்ட அனுமதியை மாற்ற அதற்குமேல் ஒருவராலும் முடியவில்லை. அதைக் காட்டியே அற்புதராஜ் கால்நடையாகப் போகும் அம்மைக்குத்துக்காரர் எல்லோருக்கும் குப்பிகளைக் கையிலேயே கொடுத்தனுப்பினார். ஏரிக்கு அந்தப் பக்கத்துக்குச் சின்னாயியின் சுருக்குப்பையில் வெற்றிலையோடு சேர்ந்து அம்மைப்பால் போயிற்று.

குளிர்காப்புப் பிரிவின் ஜீப் வழக்கம்போலத் தினமும் மேட்டூர் போய்வந்தது. இப்போது அதில் ஐஸ் மட்டும்தான் இருந்தது.